யதுஷாவின் குணப் படிவம்

நிஷாந்தினிக்கு ஓர் இடத்தில் உட்காரத் தெரியாது. ஹேவாஹெட்டப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில், வேலைக்காரரின் பிள்ளைகளைப் பகலில் வைத்திருக்கும் பிள்ளைக்காம்பராவைப் பார்த்துக்கொள்பவள் அவள்தான். தாய்மார் கொழுந்தெடுக்கப் போனபின் அத்தனை வாண்டுகளையும் மேய்க்க அப்படிப்பட்ட கால்கள்தான் வேண்டும். எதற்கும் பதில் வைத்திருப்பாள். எந்தப் பிள்ளை எப்படி என்று கேட்டால், கேட்டவர் வாய் மூடுவதற்குள் சொல்லிவிடுவாள்.

அந்த அவசரம்தான் வினையாயிற்று. நாலு வயது யதுஷாவைத் தெல்தோட்டையில் ஒரு முன்பள்ளியில் சேர்க்கக் குணப் படிவம் கேட்டார்கள். கூச்சம், கோபம், பிடிவாதம், பழகும் விதம் என்று கட்டங்கள். யதுஷா அந்தக் கிழமை முழுக்க வாசலைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். தூங்கவைக்கப் போன கையைக் கடித்தாள். 'அடங்காது, கடிக்கும், யாரோடும் சேராது' என்று நிஷாந்தினி எழுதி அனுப்பினாள். இடமில்லை என்று பதில் வந்தது. மறுநாள் காலை தாய் பிள்ளையை வாசலிலேயே விட்டுவிட்டுத் திரும்பிப் போனாள்.

அன்றைக்குப் பார்த்து அதே பிள்ளை சொன்னபடி படுத்துத் தூங்கியது. அடுத்த நாளும் அப்படித்தான். நிஷாந்தினிக்கு இருப்புக் கொள்ளவில்லை. வெளியே வந்து பார்த்தாள். பக்கத்து மலையில் கொழுந்தெடுக்கும் பெண்களின் பேச்சு கேட்டது; யதுஷாவின் தாய் யாரையோ அதட்டுவதும் கேட்டது. படிவம் எழுதிய கிழமை அவர்களுக்கு ஆற்றுக்கு அப்பால் வேலை. தாயின் குரல் கேட்காத கிழமையைப் பார்த்துவிட்டு, பிள்ளையின் குணம் என்று எழுதியிருக்கிறாள். தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

அடுத்த நாள் பிள்ளைகளை உதவிக்காரியிடம் விட்டுவிட்டு பஸ் ஏறினாள். சீட் கிடைத்தும் நின்றுகொண்டே போனாள். முன்பள்ளியில் பாயிஸா டீச்சர் படிவத்தைத் தேடி எடுத்தார்.

"நீங்கதானே எழுதினது?"

"நான்தான் டீச்சர். பிழையா எழுதிட்டேன். அந்தக் கிழமை தாய்க்குத் தூரத்துல வேலை, அவங்க குரல் கேட்கல்லன்னுதான் புள்ள கத்திச்சு."

"அப்ப சரியானதச் சொல்லுங்க. ரெண்டு வருஷமா பார்க்கிறீங்க, எப்படிப்பட்ட புள்ள?"

அமைதியான பிள்ளை என்று சொல்லியிருக்கலாம், இடமும் கிடைத்திருக்கும். ஆனால் அதுவும் இந்தக் கிழமையை மட்டும் பார்த்துச் சொல்வதுதானே.

"நாலு வயசு டீச்சர்," என்றாள். "அது மட்டுந்தான் எனக்கு நிச்சயமா தெரியும்."

டீச்சர் படிவத்தை இரண்டாகக் கிழித்தார்.

"திங்கக்கிழமை புள்ளயச் சேர்க்கத் தாய வரச் சொல்லுங்க. ரெண்டு நாளைக்கு அவங்களும் வகுப்புலேயே இருக்கட்டும்."

நிஷாந்தினிக்கு அழுகை வந்துவிட்டது.