மட்டை நகரத்துக் கதவு

நாற்பது வயதில் ஊரில் எல்லோரும் வீடு கட்டுவார்கள். நானும் கட்டினேன், காட்போட் மட்டையில். ஒரு தெரு நிறைய வீடுகள், ஒரு பெற்றோல் செட், ஒரு ஆஸ்பத்திரி, எல்லாம் சாப்பாட்டு மேசையின் மேல். அந்த நகரத்தில் செத்தவர்கள் எழும்பி நடப்பார்கள். உயிரோடு மிஞ்சிய நாலைந்து பேர் அவர்களிடம் கடி வாங்காமல் தெருவைக் கடக்க வேண்டும். தாயக்கட்டை உருட்டி ஆடும் விளையாட்டு. என்னோடு அனல்மின் நிலையத்தில் வேலை செய்கிற கரைத்தீவு நண்பன்தான் என்னை இதில் இழுத்துவிட்டான். விரல் மூட்டளவு பொம்மைகள் அவன் பொறுப்பு, நகரம் என் பொறுப்பு. பௌர்ணமிப் போயா லீவுக்குள் முடித்துவிடுவேன் என்று வாயைக் கொடுத்துவிட்டேன்.

சொன்னபோது இருந்த உற்சாகம் கட்டும்போது இருக்கவில்லை. வேலை முடிந்து நுரைச்சோலையிலிருந்து வந்து சேரும்போதே இடுப்பு விட்டுப்போயிருக்கும். அதோடு குனிந்து உட்கார்ந்து சின்னச் சின்ன யன்னல்கள் வெட்ட வேண்டும். மட்டைச் சுவர்களுக்கு உள்தாங்கலாக உடைந்த மீன் பெட்டிகளின் வெள்ளை நுரைப்பலகையை எடுத்தேன், எத்தனை தரம் கழுவியும் நகரம் முழுவதும் மீன் வெடில். தெருவுக்குக் கடற்கரை மணலை அள்ளிவந்து அப்படியே ஒட்டினேன். உப்பு மணல் ஈரத்தை இழுத்து, வெயில் இறங்கியதும் தெருக்கள் வேர்க்கத் தொடங்கின. பூசின பெயின்ற் பொரிந்து எழும்பியது. எல்லாவற்றையும் சுரண்டி, நல்ல தண்ணீரில் அலசிய மணலைத் திரும்ப ஒட்டினேன். யார் என்னை அடித்து இதைச் செய்யச் சொன்னார்கள் என்று எனக்கே எரிச்சலாக வந்தது.

"ஊரில எல்லாரும் கல்லு இறக்குறாங்க, நீ மட்டை இறக்குறாய். இந்த வீட்டை நம்பி எவள்டா வருவாள்?" என்பார் சின்னம்மா.

சின்னம்மா என் அம்மாவின் தங்கை. பிள்ளைகள் இல்லாதவர், என்னோடுதான் இருக்கிறார். சித்தப்பா எத்தாளையிலிருந்து கடலுக்குப் போனவர். படகு கவிழ்ந்தபடி கரை ஒதுங்கியது, அவர் ஒதுங்கவில்லை. அது நடந்து வருடங்களாகிவிட்டன. ஆனாலும் சின்னம்மா வாயால் அவர் செத்தார் என்று ஒரு நாளும் வந்ததில்லை. மாதா கோவிலில் பயணம் போனவர்களுக்கான மன்றாட்டில்தான் அவர் பேரைச் சொல்வார். கார்த்திகை மாதத்தில் ஊரே சேமக்காலைக் கல்லறைகளில் மெழுகுதிரி கொளுத்தும்போது, முழங்கால் நோகிறது என்று வீட்டில் இருந்துவிடுவார்.

சிலாபத்தில் இருக்கும் அண்ணனுக்கு இது பெரிய மானப் பிரச்சினை. "அந்த மனுசன்ர ஆத்துமத்துக்கு ஒரு பூசை இல்ல. ஊர் என்ன கதைக்குது தெரியுமா? நீதானே கூட இருக்கிறாய், நீ கேள். அவ ஓம் எண்டா நான் பங்குச் சுவாமியிட்ட கதைக்கிறன்" என்று ஒவ்வொரு முறையும் போனில் பிடித்துக்கொள்வார். இந்த முறை கேட்கிறேன் என்று ஒப்புக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், சின்னம்மா ஓம் என்றுவிட்டால் நல்லது என்று எனக்கும் இருந்தது. காத்திருக்கிற ஒருவரோடு கூடவே இருப்பதும் அலுப்புத்தான்.

நகரத்தில் கடைசி வேலை, கதவுகளை அடைப்பது. விளையாட்டின்படி எல்லா வீட்டுக் கதவிலும் பலகை அடித்திருக்க வேண்டும். ஐஸ்பழக் குச்சிகளைக் கீறிக் குறுக்கும் மறுக்குமாக ஒட்டினேன். மறுநாள் வேலையால் வந்து பார்த்தால் மூலை வீட்டுக் கதவில் பலகைகள் இல்லை. பசை பிடிக்கவில்லையாக்கும் என்று திரும்ப ஒட்டினேன். அடுத்த நாளும் கழன்றிருந்தது. குச்சிகள் பக்கத்தில் ஒழுங்காக அடுக்கியிருந்தன. பிளேடால் வெட்டிய வேலை.

சின்னம்மா குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார்.

"இதைக் கழட்டினது நீங்களா?"

"ஓம்."

"ஏன் சின்னம்மா?"

"எல்லாக் கதவையும் அடிச்சு வச்சிருக்கிறாய். வாறவன் எப்பிடி உள்ளுக்கு வாறது?"

"வரக்கூடாது எண்டுதானே அடிக்கிறது. அவங்க செத்தவங்க."

"செத்தா என்ன? வீடு அவன்ர வீடுதானே."

நண்பன் அந்தப் பொம்மைகளை ஸொம்பி என்பான். சின்னம்மாவுக்கு விளங்கட்டும் என்று நான்தான் முதல் நாளே 'செத்தவங்க' என்று சொல்லிவைத்தேன். பேய் என்று சொல்லியிருந்தால் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு அந்தப் பக்கமே வந்திருக்க மாட்டார். பூசையைப் பற்றிக் கேட்பதற்கு அதைவிட நல்ல நேரம் வாய்க்காது. வாய் வரை வந்தது. கேட்கத் தெம்பில்லாமல் கையைக் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தேன். அந்தக் கதவைத் திரும்ப ஒட்டவும் இல்லை.

போயாவன்று நண்பன் வந்தான். நகரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு மூலை வீட்டில் விரலை வைத்தான்.

"இதென்ன மச்சான், இது தொறந்து ஈக்கி?"

"இருக்கட்டும்."

சின்னம்மா எங்களுக்குப் பிளேன்ரீ கொண்டுவந்து வைத்தார். வழக்கமாக ஒரு நக்கல் விட்டுப் போகிறவர், அன்று கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். எங்கள் ஆட்கள் இரண்டு பேர் ஓடி ஓடி, வேறு வழியில்லாமல் அந்த மூலை வீட்டுக்குள்தான் ஒளிந்தார்கள். செத்தவர்கள் தெருவழியே நெருங்கி வந்தார்கள். சின்னம்மா மற்ற எதையும் பார்க்கவில்லை, அந்த வாசலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டை கிழிந்த ஒரு பொம்மை வாசலுக்கு வந்தது. நண்பன் கட்டையை உருட்டி அதை உள்ளே தள்ளினான்.

"போயிட்டான்" என்றார் சின்னம்மா. "இனி என்ன செய்வான்?"

"உள்ளுக்கு ஈக்கிற ஆக்களக் கடிப்பான், ஆன்ட்டி" என்றான் நண்பன் சிரித்தபடி.

"கடிக்கட்டும்" என்றார் சின்னம்மா. "வந்தாப் போதும்."

நண்பன் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினான். சின்னம்மா வெறும் கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனார். அதற்குப் பிறகு யார் வென்றது என்று நினைவில்லை.

பின்னேரம் அண்ணன் போன் எடுத்தார்.

"கேட்டியா?"

"கேக்கல்ல. இனிக் கேக்கவும் மாட்டன். நீங்களும் கேக்காதீங்க."

"ஏன்டா, என்ன நடந்தது?"

பொம்மைக் கதையை அவருக்கு எங்கிருந்து தொடங்கி எப்படிச் சொல்வது?

"அவ இன்னும் அவர் வாறதைப் பாத்துக்கொண்டு இருக்கிறா அண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.