கல்யாணக் கேசட்டில் ஒரு மல்யுத்தம்

எங்கள் கல்யாண வீடியோவின் கடைசி இருபது நிமிடம் மல்யுத்தம். சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். தாலி கட்டி, மாலை மாற்றி, எல்லாரும் பந்தியில் உட்கார்ந்திருப்பார்கள். என் தாய்மாமன் இலையில் பாயசம் விழுந்துகொண்டிருக்கும்போதே படம் புள்ளி புள்ளியாகிக் கலங்கும். அடுத்த நொடி, மலை மாதிரி ஒரு மொட்டைத்தலையன், மஞ்சள் ஜட்டி போட்ட ஒரு ஒல்லிப் பையனைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு நிற்பான். திரையின் அடியில் அரபு எழுத்து ஓடும்.

தப்பு வீடியோ எடுத்தவருடையது. என் வீட்டுக்காரரின் சிநேகிதர், கூடலூர் மலையாளி. அவருடைய அண்ணன் வளைகுடாவில் வேலை பார்த்தார். அங்கே டிவியில் ஓடுகிற மல்யுத்தத்தையெல்லாம் எண்பதுகளில் பதிவு செய்து தம்பிக்கு அனுப்புவார். எங்கள் கல்யாணத்தன்று புதுக் கேசட் எடுத்து வர மறந்த அந்தத் தம்பி, கையில் கிடைத்த மல்யுத்தக் கேசட்டின் மேலேயே எங்களைப் பதிவு செய்துவிட்டார். கேட்டதற்கு, "கொழப்பமில்லா சேச்சி, கல்யாணம் முழுக்க உண்டு" என்றார். முழுக்க இருந்தது வாஸ்தவம்தான். பதினொரு பேர் வந்த கல்யாணம், எவ்வளவு நேரம் நடக்கும்? மிச்சக் கேசட்டில் பழைய சண்டை அப்படியே கிடந்தது.

என் வீட்டுக்காரர் அந்தச் சண்டையைக் கல்யாணத்துக்கு முன்பே சிநேகிதர் வீட்டில் முழுசாகப் பார்த்திருக்கிறார். அதன் முதல் பாதிமேல்தான் எங்கள் கல்யாணம் ஏறிவிட்டது. "நல்ல சண்டை புள்ள. ஒன்னையக் கட்டுனதுல பாதி போச்சு" என்று வருஷத்துக்கு நாலு தடவையாவது சொல்வார். நானும் சும்மா இருக்க மாட்டேன். "மீதிப் பாதியில போயி குடித்தனம் பண்ணுங்க" என்பேன்.

நான் கோயம்புத்தூர்ப் பக்கம். அப்பா நடுவட்டத்தில் மளிகைக் கடை வைத்ததால் மலையேறி வந்தவள். தட்டச்சு படித்துவிட்டு, ஊருக்குக் கீழே ஒரு தேயிலை எஸ்டேட் ஆபீசில் சேர்ந்தேன். அதே எஸ்டேட் ஃபேக்டரியில் அவர் பிட்டர். இலங்கையில் ஒரு தோட்டத்தில் பிறந்து, பதினாலு வயசில் கப்பலேறி வந்தவர். இத்தனை வருஷமாகியும் ஃபேக்டரியை 'ஸ்டோரு' என்பார், டீயைத் 'தேத்தண்ணி' என்பார். எங்கள் இரண்டு பேரையும் சேர்த்து நினைத்துப் பார்க்க என் வீட்டில் யாருக்கும் மனசு வரவில்லை. தாய்மாமன் ஒருத்தர் மட்டும்தான் வந்து பாயசம் சாப்பிட்டார்.

கல்யாணமான இரண்டாம் நாள் அவர் எனக்கு ஒரு புறாக் கதை சொன்னார். இலங்கையில் அவர்கள் இருந்த லயத்துக்கு, அதாவது தோட்டக்காரர்களின் வரிசை வீடுகளுக்குப் பின்னால், மண்ணெண்ணெய் டின்னில் ஒரு ஜோடிப் புறா வளர்த்தாராம். ஒருநாள் விடியற்காலையில் அப்பா எழுப்பி, "எந்திரிடா, இன்னிக்கிப் போறோம்" என்றாராம். எங்கே என்று கேட்டால், இந்தியாவுக்கு. அப்பாவுக்கு மூன்று மாசமாகத் தெரியும். பையன் அழுவான் என்று சொல்லாமல் விட்டிருக்கிறார். இவர் ஓடிப்போய்ப் பார்த்தால், பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரன் புறா டின்னைத் தூக்கிக்கொண்டு போகிறான். புறாவை அவனுக்குக் கொடுப்பதாகப் பேச்சு எப்போதோ முடிந்திருக்கிறது.

"புறாவ வாங்கிக்கப் போறவனுக்குத் தெரிஞ்சிருக்கு புள்ள. எனக்குத் தெரியல" என்றார். ஊரை விட்டு வந்தது அவருக்கு ஆறிவிட்டது. இது ஆறவில்லை. அப்பாவோடு கடைசிவரை அளந்துதான் பேசினார். அன்றைக்கு என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "நல்லதோ கெட்டதோ, ஒனக்குத் தெரிஞ்ச அன்னிக்கே எங்கிட்ட சொல்லிரு." சொல்கிறேன் என்று தலையாட்டினேன். அதிலென்ன கஷ்டம் என்று அப்போது தோன்றியது.

பத்து வருஷம் எந்தக் கஷ்டமும் இல்லை. அப்புறம் தேயிலை விழுந்தது. இப்போது சின்னவர்களிடம் சொன்னால், விலை குறைந்தது, அவ்வளவுதானே என்கிறார்கள். மலையில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும். பிக்கட்டிப் பக்கம் சின்னத் தோட்டக்காரர்கள் கொழுந்தைப் பறிக்காமல் செடியை மரமாக வளரவிட்டார்கள். திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு ஆள் போகாத லயமே இல்லை. காலை பஸ்ஸில் ஏறுகிறவர்கள் கையில் தூக்குவாளிக்குப் பதிலாக டிரங்குப் பெட்டி இருந்தது. எங்கள் ஃபேக்டரி வாரத்துக்கு இரண்டு நாள் ஓடியது. மற்ற நாளெல்லாம் அவர் குவார்ட்டர்ஸில் உட்கார்ந்து வீடியோ டெக்கைப் போட்டுவிடுவார். எங்களிடம் இருந்ததே அந்த ஒரு கேசட்தான். கல்யாணத்தை ஓட்டிவிட்டு மல்யுத்தத்தைப் பார்ப்பார். அதுவும் எப்படி? முதல் தடவை பார்ப்பதுபோல, முன்னால் சாய்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு. ஒல்லிப் பையன் கீழே விழுந்து கிடப்பான். மொட்டை அவன்மேல் படுத்து அமுக்குவான். நடுவர் கையால் தரையை மூன்று தடவை அடித்துவிட்டால் ஆட்டம் முடிந்தது. இரண்டு அடி விழுந்ததும் பையன் தோளைத் தூக்கிவிடுவான். எத்தனை தடவை பார்த்தாலும் தூக்கத்தான் செய்வான். இவரோ, இந்தத் தடவை தூக்காமல் போய்விடுவானோ என்பதுபோல மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பார். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும்.

"ஏனுங்க, தெரிஞ்ச சண்டைதானுங்களே?"

"பேசாம பாரு புள்ள."

அந்த மழைக்காலத்தில் ஒருநாள் துரை என்னைத் தன் அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். எங்கள் மேனேஜரை எல்லாரும் துரை என்றுதான் சொல்வோம். அவர் கொடுத்த கடிதத்தை உட்கார்ந்து தட்டச்சு செய்தேன். மாசக் கடைசியோடு ஃபேக்டரியை மூடுகிறார்கள். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். பாதியில் விரல் நின்றுவிட்டது. முடித்துக் கொடுத்ததும் துரை சொன்னார்: "அம்மிணி, நோட்டீஸ் ஒட்டற வரைக்கும் யாருக்கும் தெரியக் கூடாதுங்க. உங்க ஊட்டுக்காரர்கிட்டக்கூட மூச்சு விடாதீங்க." கார்பன் தாளில் எழுத்து அப்படியே படிந்திருந்தது. குப்பையில் போட்டால் யாராவது படித்துவிடுவார்கள் என்று மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வந்து, வெந்நீர் அடுப்பில் போட்டேன்.

அவர் அன்றைக்கும் மல்யுத்தம்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

துரைக்குப் பயந்து சொல்லவில்லை என்றால் அது பாதி உண்மைதான். அந்த ஃபேக்டரியில் எந்த மிஷின் எந்த நேரத்தில் எப்படி இருமும் என்பது அவருக்குத் தெரியும். நாற்பதை நெருங்குகிற வயசில் வேறு என்ன வேலைக்குப் போவார்? மறுபடியும் மூட்டை கட்டு என்று நான் எந்த வாயால் சொல்வேன்? நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளினேன். மறுநாள் அது இன்னும் கஷ்டமாகிவிட்டது. 'தெரிஞ்ச அன்னிக்கே' என்று அல்லவா கேட்டிருந்தார்? அந்த நாள் போய்விட்டது. மூன்றாம் நாள், நானும் அவர் அப்பாவும் ஒன்றாகிவிட்டோம் என்று புரிந்தது. அடுப்படியில் நின்று அழுதேன். வெங்காயம் நறுக்கினதாகச் சொல்லிக்கொண்டேன்.

உள்ளே குற்றம் இருந்தால் வெளியே கோபம் பொத்துக்கொண்டு வரும். எனக்கு வந்தது. அவர் சட்டைகளில் வழக்கத்தைவிட அதிகமாகக் கிரீஸ் ஒட்டியிருந்தது. எத்தனை சோப்புப் போட்டாலும் போகவில்லை. "ரெண்டு நாள் ஓடற ஃபேக்டரிக்கு இத்தனை கிரீஸா? குளிக்கறீங்களா, இல்ல அதுலயே முங்கறீங்களா?" என்று கத்தினேன். வருஷாந்திர சர்வீஸ் நடக்கிறது என்றார். டெக்கின் பட்டனில்கூடக் கறுப்பாக விரல் அடையாளம். அதையும் துடைத்துக்கொண்டே திட்டினேன். பாவம், ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அதற்கும் சேர்த்துத் திட்டினேன்.

பதினோராம் நாள் ஞாயிற்றுக்கிழமை. ஜன்னல் வரைக்கும் மேகம் இறங்கியிருந்தது. மகன் பக்கத்து வீட்டில் கேரம் ஆடப் போயிருந்தான். டெக்கில் பாயசம் முடிந்து மொட்டை வந்துவிட்டான். நான் ஈரக் கையோடு போய் டிவிக்கு முன்னால் நின்றேன். அவர் தலையை ஒருபக்கம் சாய்த்து என் இடுப்புக்குப் பக்கவாட்டில் எட்டிப் பார்த்தார்.

"மாசக் கடைசியில ஃபேக்டரிய மூடறாங்க. ஊட்டைக் காலி பண்ணோணும். எனக்குப் பதினோரு நாளா தெரியும். சொல்லாம இருந்துட்டனுங்க." ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

அவர் எழுந்திருக்கவில்லை. டெக்கையும் நிறுத்தவில்லை. "உக்காரு புள்ள" என்றார். உட்கார்ந்தேன். "தெரியும்" என்றார்.

"என்னது?"

"எனக்குப் பதினாறு நாளா தெரியும். ஸ்டோருல பெல்ட்டையெல்லாம் கழட்டிட்டு, ரோலருக்குக் கிரீஸு அப்பி, சாக்கச் சுத்திக் கட்டச் சொன்னாரு தொர. ஓட்டப் போற மிஷினுக்கு எவனாவது சாக்கச் சுத்துவானா? கேட்டேன். ஆமாடா, மூடத்தான் போறோம், பொண்டாட்டிகிட்டகூடச் சொல்லாதன்னாரு."

எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது. நான் பதினோரு நாள் செய்ததை மறந்துவிட்டு, அவர் பதினாறு நாள் செய்ததற்குச் சண்டைக்குப் போனேன். "நான் உள்ளுக்குள்ள செத்துச் செத்துப் பொழைக்கறேன், நீங்க சட்டமா உக்காந்து சண்டை பாக்கறீங்களா? மனுசனுங்களா நீங்க?" என்று ஆரம்பித்து எதையெதையோ சொன்னேன். மூச்சு வாங்கியபோதுதான் ஒன்று கேட்கத் தோன்றியது.

"எனக்குத் தெரியும்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தொரைக்கு டைப் அடிக்க ஒன்னைய விட்டா ஆரு இருக்கா? கார்பன் தாள அடுப்புல போட்டியே, அந்த நாத்தம் இந்த மூக்குக்குத் தெரியாதா?"

"அப்ப அன்னிக்கே கேட்டிருக்கலாமல்லங்க? இல்ல, நீங்களாவது சொல்லியிருக்கலாமல்ல?"

அவர் திரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "மொத அஞ்சு நாளு எனக்கும் சொல்ல வாய் வரல. கார்பன் நாத்தம் வந்தப்பறம் நான் மொதல்ல சொல்லிட்டா, நீ எங்கிட்ட மறைச்சவளா ஆயிருவ புள்ள. அப்பறம் அது எம் மனசுல கெடக்கும். எங்கப்பன் விசயத்துல கெடக்குற மாதிரி. நான் என்ன பண்ணாலும் போவாது, என்னையப் பத்தி எனக்குத் தெரியும். நீயாச் சொல்லிட்டா அது இல்லல்ல? அதான் ஒக்காந்துகிட்டு இருந்தேன்."

"நான் சொல்லாமயே இருந்திருந்தா?"

"மாசக் கடேசி வரைக்கும் நாள் இருக்கே" என்றார்.

நான் ஈரக் கையை முகத்தில் பொத்திக்கொண்டு அழுதேன். இந்தத் தடவை வெங்காயம் இல்லை. அவர் தட்டிக் கொடுக்கவோ சமாதானம் சொல்லவோ இல்லை, அதெல்லாம் அவருக்கு வராது. எழுந்து போய் ஒரு தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்து வைத்தார். டம்ளரில் கிரீஸ் விரல் பதிந்திருந்தது. துடைக்காமல் குடித்தேன்.

மேட்டுப்பாளையத்துக்கு இறங்கினோம். ஒரு நூல் மில்லில் அவருக்கு பிட்டர் வேலை கிடைத்தது. மில் மிஷின்களும் சீக்கிரமே அவரிடம் வசப்பட்டுவிட்டன. மூட்டை கட்டும்போது முதலில் மகனைக் கூப்பிட்டு, எங்கே போகிறோம், ஏன் போகிறோம் என்று ஒரு மணி நேரம் உட்காரவைத்துச் சொன்னார். அவனுக்கு ஒன்பது வயசு. பாதியிலேயே கொட்டாவி விட்டான்.

டெக் என்றைக்கோ போய்விட்டது, கேசட்டில் பூஞ்சை பிடித்துவிட்டது. போன பொங்கலுக்கு மகன் வந்தபோது, அதே சண்டையைப் போனில் எங்கிருந்தோ தேடி எடுத்துவிட்டான். முழுச் சண்டை. எங்கள் கல்யாணத்துக்கு அடியில் போன முதல் பாதியும் இருந்தது. எனக்கு அது முதல் தடவை, அவருக்கு முப்பது சொச்சம் வருஷத்துக்குப் பிறகு. அதில் ஒன்றுமே இல்லை. மொட்டையும் பையனும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தார்கள், அவ்வளவுதான்.

"இவ்வளவுதானா? இதுக்குப் போயி ஒன்னையத் திட்டிக்கிட்டு இருந்தேனே" என்றார்.

பிறகு எனக்குத் தெரிந்த பாதி வந்தது. மொட்டை தூக்கினான், போட்டான், மேலே படுத்து அமுக்கினான். நடுவர் கையை ஓங்கினார். நான் போனைப் பார்க்கவில்லை, பக்கத்தில் திரும்பி அவரைப் பார்த்தேன். அறுபதைத் தாண்டிய மனுஷன், முன்னால் சாய்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, முடிவு கொஞ்சமும் தெரியாதவர்போல உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் போகும்போதும் வரும்போதும் இவள் வாய் திறப்பாளா என்று காத்துக்கொண்டு அந்தப் பதினோரு நாளும் எனக்குக் காட்டிக்கொண்டிருந்ததும் இதே முகம்தான். நினைத்தால் எனக்கு இன்றைக்கும் முதலில் கோபம்தான் வருகிறது. அப்புறம் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன்.