இரண்டு சிறகும் ஒரு கிரீடமும்

விமானத்தில் நான் ஏறியதே கிடையாது. பொருட்காட்சி ராட்டினத்தில் உட்கார்ந்து, அது கிளம்புவதற்குள் கூச்சல் போட்டு இறங்கியவன். ஆனாலும் அறுபதுகளின் தொடக்கத்தில், போர் விமானிகள் மார்பில் தைத்துக்கொள்ளும் சிறகுச் சின்னங்களில் எது அசல், எது போலி என்று தீர்ப்புச் சொல்லும் நிபுணனாக இருந்தேன். நியமித்தது நானேதான்.

திருச்சி பெரிய கடைவீதிப் பக்கம் பழைய சாமான் கடை வைத்திருந்த பாய், யுத்தகாலச் சின்னங்கள் நாலைந்தையும், படம் போட்ட ஆங்கிலப் புத்தகம் ஒன்றையும் என் தலையில் கட்டியிருந்தார். அந்தப் புத்தகத்தை இரண்டு தடவை படித்தேன். அதற்குப் பிறகு ஆபீசில் யாரும் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை.

லால்குடியிலிருந்து ரயிலில் வரும் ஹெட் கிளார்க் மட்டும் ஒரு வெள்ளிக்கிழமை தானாகவே வந்து உட்கார்ந்தார். காகிதப் பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே துணியில் தைத்த சிறகுச் சின்னம்.

"சின்னவளுக்கு வரன் வந்திருக்கு சார். பையனோட அப்பா யுத்தத்துல பிளேன் ஓட்டினவராம். தரகர் சொல்றார். மூத்தவளுக்குக் காலேஜ் வாத்தியார்னு இவர்தான் சொன்னார். போய்ப் பார்த்தா, காலேஜ்ல மணி அடிக்கிறவர்."

"மறுபடி அதே தரகரா?"

"லால்குடியில வேற யார் சார் இருக்கா? ஞாயித்துக்கிழமை தட்டு மாத்தணும். அப்பனைப் பத்தியே பொய்னா, மகனைப் பத்தி என்னத்தை நம்பறது? நண்பர் ஒருத்தர் இதுல புலின்னு பையனோட அப்பாகிட்டயே சொல்லி வாங்கிட்டு வந்தேன். பார்த்துச் சொல்லுங்க."

வாழ்க்கையில் முதன்முதலாக ஒருவர் என்னைப் புலி என்றார். அன்று மாலையே ஸ்ரீரங்கத்தில் என் வீட்டுக்கு அவரை அழைத்துவந்து மேஜை முன் உட்காரவைத்து, லென்ஸும் கையுமாக ஆரம்பித்தேன். ஒற்றைச் சிறகு என்றால் விமானத்தில் கூடப் போனவர். இரண்டு சிறகு என்றால் ஓட்டியவர். இதில் இரண்டு. அடுத்தது முதுகு. போலி செய்பவன் முகத்தைத்தான் பார்த்துப் பார்த்துச் செய்வான், முதுகை மறந்துவிடுவான். இதன் முதுகில் பழைய கறுப்புத் துணி; ஓரமெல்லாம் சட்டையில் தைத்துப் பிரித்த ஊசித் துளைகள்; அறுந்த நூல் மிச்சம். சிறகின் வெள்ளை, முன்பக்கம் பழுத்து, மறைவில் வெளுப்பாகவே இருந்தது. முக்கால் மணி நேரம் விளக்கிவிட்டு, "அசல்" என்றேன்.

திங்கட்கிழமை லட்டு வந்தது. தட்டு மாற்றியாகிவிட்டது.

சின்னம் மட்டும் என் மேஜையிலேயே இருந்தது. செவ்வாய்க்கிழமை மேஜையைத் துடைக்க வந்த என் மனைவி அதை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"ஏன்னா, பெருமாள் கிரீடம் தைச்ச துணியை இப்படியா காபி டம்ளர் பக்கத்துலே போட்டு வைப்பா?"

புத்தகத்தைத் திறந்தேன். படத்தில் சிறகுகளுக்கு மேல் இருந்தது இங்கிலாந்து ராஜாவின் கிரீடம்: கவிழ்த்த அண்டா மாதிரி உருண்டையாக, உச்சியில் சிலுவையோடு. துணியில் இருந்தது உயரமாக, மேலே போகப் போகக் குறுகி, நுனியில் கூம்பி நின்றது. லென்ஸ் அதன் மேல் நாலு தடவை போய்வந்திருக்கிறது. ஸ்ரீரங்கத்தில் பிறந்து வளர்ந்தவனுக்குக் கிரீடம் என்றால் அது ஒன்றுதான். கண்ணில் உறுத்தவே இல்லை.

ஒரு பெண்ணின் கல்யாணத்தை என் லென்ஸ் முடித்துவைத்திருந்தது. மறுநாள் லீவு போட்டுவிட்டு, சின்னத்தைத் திருப்பித் தருகிற சாக்கில் கண்டோன்மென்டில் இருந்த ஹெட் கிளார்க்கின் சம்பந்தி வீட்டுக்குப் போனேன். அவர் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

"கிரீடம் கொஞ்சம் உயரமா இருக்கே..." என்று இழுத்தேன்.

"அதைக் கேக்கறீங்களா! பழைய கிரீடத்தை மட்டும் பூச்சி தின்னுடுச்சுங்க. ஸ்ரீரங்கத்துல பெருமாளுக்கு உடுப்பு தைக்கிறவர்கிட்ட கொடுத்தேன். 'இங்க ஒரு கிரீடம் இருந்துச்சு, படம் கொண்டாரவா'ன்னு கேட்டேன். 'கிரீடம் எனக்குத் தெரியாதா'ன்னு கோவிச்சுக்கிட்டார். சரி, அந்த ராஜா ஊரைவிட்டே போயிட்டாரு, இவரு எங்கயும் போகமாட்டாருன்னு விட்டுட்டேன்."

என் முகம் இன்னும் தெளியவில்லை போலிருக்கிறது. கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், நீல அட்டை போட்ட தடித்த புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்தார். அவருடைய லாக் புக். பறந்த நாள், பறந்த நேரம், ஓட்டிய விமானம், மேலதிகாரியின் கையெழுத்து என்று பக்கம் பக்கமாக. லென்ஸ் தேவைப்படவில்லை.

வியாழக்கிழமை ஹெட் கிளார்க்கிடம் கிரீடத்தைப் பற்றி ஒன்றுவிடாமல் ஒப்புக்கொண்டு, கடைசியில் லாக் புக்கைச் சொல்லி ஆறுதலும் அளித்தேன். அவர் மோர்சாதத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"அது தெரியும் சார். அன்னைக்கு அசல்னு சொல்றதுக்கு நீங்க முக்கால் மணி நேரம் எடுத்துக்கிட்டீங்களா, எனக்குப் பயம் வந்துடுச்சு. சனிக்கிழமையே போய் லாக் புக்கைப் பார்த்துட்டுத்தான் தட்டு மாத்தினேன்."