ஒரு ஜோடி செருப்பு மிச்சம்

நீடாமங்கலத்திலிருந்து கிழக்கே போகும் டவுன் பஸ்ஸில் 'ரவுண்டு' என்று ஒரு ஸ்டாப் உண்டு. அரசாங்கம் வைத்த பெயர் ஒளிவளைய ஆய்வு நிலையம். வயலுக்கு நடுவே வட்டமாக எழுந்து நிற்கும் கட்டடத்தைப் பார்த்த பிறகு அவ்வளவு நீளமான பெயரைச் சொல்ல எந்தக் கண்டக்டருக்கும் வாய் வரவில்லை. உள்ளே நானூறு மீட்டருக்கு வளைந்து ஓடுகிறது ஒரு சுரங்கப் பாதை. பாதை நெடுகக் காந்தங்கள், காந்தங்களுக்கு நடுவே ஒரு குழாய், குழாய்க்குள் எலெக்ட்ரான்கள். அவை ஒரு விநாடிக்கு ஏழரை லட்சம் தடவை வளையத்தைச் சுற்றுகின்றன. எதற்காம் என்று யாராவது கேட்டால் ராசம்மாள் பதில் வைத்திருப்பாள்.

"அது ஓடுற வேகத்துல வெளிச்சம் கொட்டுது. அந்த வெளிச்சத்துல மருந்து, நெல்லு, இரும்பு, எல்லாத்தோட வயித்துக்குள்ளயும் பாக்கறாங்க."

படித்தவர்கள் இதையே நாற்பது பக்கத்தில் சொல்வார்கள். கேட்டவருக்கு விளங்குவது என்னவோ ராசம்மாள் சொன்ன அளவுதான்.

ராசம்மாளுக்கு நாற்பத்தேழு வயது. எட்டாவது வரை படித்தாள். பதினைந்து வயதில் நடவுக்கு இறங்கியவள், இருபத்தெட்டில் இருபத்திரண்டு பெண்களைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகும் ஆள்காரியாகிவிட்டாள். அவள் குரலுக்கு அந்தச் சுற்றுவட்டாரத்தில் தனி மரியாதை. கரையில் நின்று ஒரு சத்தம் கொடுத்தால் நாலு வயல் தாண்டி நாற்றுப் பறிப்பவள் நிமிர்ந்து பார்ப்பாள். நடவு மிஷின் வந்து ஆட்களைக் குறைத்த வருடம்தான் ரவுண்டில் துப்புரவு வேலைக்கு ஆள் எடுத்தார்கள். ராசம்மாள் தனியாகப் போகவில்லை. பத்துப் பேரை இழுத்துக்கொண்டு போனாள், அதில் அவள் வீட்டுக்காரர் வைரக்கண்ணுவின் தங்கை குந்தவையும் ஒருத்தி.

மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை மெஷினை நிறுத்துவார்கள். அன்றைக்குத்தான் சுரங்கக் கதவு திறக்கும். தண்ணீர்க் குழாய் கசிகிறதா, ஒயரை எலி கடித்திருக்கிறதா, பம்பு ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்கிற நாள். உள்ளே போகிற ஒவ்வொருவரும் வாசல் பலகையிலிருந்து ஒரு சாவியை எடுத்துத் தன்னோடு வைத்துக்கொள்ள வேண்டும். சாவியை மாட்டினால் பலகையில் பச்சை விளக்கு, எடுத்தால் சிவப்பு. இருபத்து நாலு சாவியும் திரும்பி வந்தால் ஒழிய மெஷின் அசையாது. அதற்கும் மேல், கடைசியாக ஒருவர் வளையம் முழுக்க நடந்து பார்த்து, 'உள்ளே யாரும் இல்லை' என்று படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். மெஷின் ஓடும்போது உள்ளே ஆள் மாட்டிக்கொண்டால் கதிர்வீச்சு ஆளைச் சும்மா விடாது.

அந்தக் கையெழுத்தின் மேல்தான் ராசம்மாளுக்கு ஆசை விழுந்தது. எத்தனையோ வருடம் பெருக்கித் துடைத்த இடத்தை ஒரு நாளாவது தன் பேரில் மூடித் தர வேண்டும் என்று ஆசை. அதற்குப் பரீட்சை உண்டு. முதல் தடவை, 'உள்ளே ஆள் இருப்பதாகச் சந்தேகம் வந்தால் என்ன செய்வீர்கள்?' என்ற கேள்விக்கு 'கூப்பிடுவேன்' என்று எழுதினாள். 'பதில் வராவிட்டால்?' என்பதற்கு 'இன்னும் சத்தமாகக் கூப்பிடுவேன்' என்று எழுதினாள். ஃபெயில். இரண்டாம் தடவையும் கிட்டத்தட்ட அதே கதைதான். மூன்றாவது தடவை, சிவப்புப் பட்டன், சைரன், சாவி என்று எல்லாவற்றையும் வரிசை தவறாமல் எழுதிப் பாஸாகி, ஆரஞ்சு நிற அட்டை ஒன்றைக் கழுத்தில் வாங்கிக்கொண்டாள்.

புரட்டாசிச் செவ்வாய் ஒன்று அவளுடைய முதல் நாளாக வந்தது. காலை ஐந்து மணிக்கே அட்டையை மாட்டிக்கொண்டு அடுப்படியில் நின்றாள். பஸ்ஸில் கண்டக்டர், "என்னம்மா, எலெக்சன் டூட்டியா?" என்று கேட்டதற்கு விழுந்து விழுந்து சிரித்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டால் நிறுத்தத் தெரியாது. ஜன்னலுக்கு வெளியே சம்பா நட்ட வயல்களெல்லாம் அன்றைக்கு அவளைப் பார்க்கத்தான் பச்சையாக இருந்தன என்று அவளே நம்பினாள். கால் தரையில் பாவவில்லை.

வாசலில் அன்றைக்கு நடந்ததும் கூத்துதான். உள்ளே போகிறவர்கள் வெளிச்செருப்பைக் கழற்றிவிட்டு, அங்கே கொடுக்கும் துணி ஷூவை மாட்டிக்கொள்ள வேண்டும். ராசம்மாள் சாவிப் பலகைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, முனைவர் பட்டம் வாங்கினவர்களை எல்லாம் பெயர் சொல்லி நிறுத்தினாள். மயிலாடுதுறைக்கார இன்ஜினீயர் நெடுமாறன் சாவி எடுக்காமல் நுழையப் பார்த்தார்.

"சார், சாவி."

"ரெண்டே நிமிஷம்தான்க்கா, உடனே வந்துருவேன்."

"ரெண்டு நிமிஷத்துக்கு ரெண்டு நிமிஷச் சாவி வச்சிருக்கேன், எடுங்க."

நெடுமாறன் சிரித்துக்கொண்டே எடுத்தார். அவள் கூட்டாளிப் பெண்கள் துடைப்பத்தைத் தரையில் தட்டி ஆரவாரம் செய்தார்கள். இப்படியே சந்தோஷப் போதை ஏறிக்கொண்டு போனது, மதியம் ஒரு மணி வரை.

ஒரு மணிக்குக் கலைமகள் ஓடிவந்தாள். அவளும் துப்புரவுக் கூட்டத்தில் ஒருத்தி. தரைக்கடியில் ஒயர் போகும் பள்ளங்களில் எலி பூந்திருக்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்திருந்தது. சாவியை முறைப்படி பலகையில் மாட்டிவிட்டுப் பறந்தாள். வெளியே குளிர்நீர்த் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்த குந்தவை, கையைப் புடவையில் துடைத்தபடி வந்து நின்றாள்.

"அண்ணி, கலைமகளுக்குப் பதிலா நான் போயி எலி பாக்கறேன்."

"போ, போ. ஒருத்தி போனா ஒருத்தி. ஆள் கணக்கு சரியாத்தான் இருக்கு," என்றாள் ராசம்மாள். அப்போது அவள் பாதித் தயிர்சாதத்தில் இருந்தாள், மீதி வாயால் யாரையோ கேலி செய்துகொண்டிருந்தாள்.

நடவில் இதுதான் வழக்கம். ஒருத்திக்கு முடியவில்லை என்றால் கொழுந்தியாளோ நாத்தனாரோ பதிலாளாக வயலில் இறங்குவாள். வரப்பில் நிற்பவர் தலையைத்தான் எண்ணுவார், பெயரையா கேட்பார்? இருபத்திரண்டு தலை என்றால் இருபத்திரண்டு. அந்தக் கணக்கில் ராசம்மாள் ஒரு நாளும் தப்பு செய்ததில்லை. குந்தவை செருப்பைக் கழற்றிவிட்டு, துணி ஷூவை மாட்டிக்கொண்டு, சாவி எடுக்காமல் உள்ளே போனாள்.

மூன்று மணிக்குப் பம்புகளை ஓட்டிப் பார்த்தார்கள். மூன்றரைக்குள் எல்லோரும் ஒவ்வொருவராக வந்து சாவியை மாட்டினார்கள். ராசம்மாள் எழுந்து, அட்டையைச் சரிசெய்துகொண்டு, தன் சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு சுற்றுக்குப் புறப்பட்டாள். "யாராச்சும் இருக்கீங்களா, வெளில வாங்க," என்று கூவிக்கொண்டே, காந்தங்களுக்குப் பின்னாலும் ஏணிக்கு மேலேயும் பார்த்தபடி, நானூறு மீட்டரும் நடந்தாள். ஒரு சத்தமும் இல்லை. பம்பு மட்டும் இரைந்தது. வெளியே வந்து தன் சாவியையும் மாட்டினாள். இருபத்து நாலும் பச்சை. படிவத்தை எடுத்து மடியில் வைத்து, பேனா மூடியைத் திறந்தாள். அந்த நேரத்தில் அவளைப் போலச் சந்தோஷமான பெண் தஞ்சாவூர்ச் சீமையிலேயே இருந்திருக்க மாட்டாள்.

போன் அடித்தது. கட்டுப்பாட்டு அறையிலிருந்து நெடுமாறன்.

"அக்கா, எல்லாம் பச்சை காட்டுது. கையெழுத்தைப் போட்டுட்டீங்கன்னா ஆரம்பிச்சிரலாம்."

"இதோ சார்," என்று சொல்லிக்கொண்டே அவள் தன் செருப்பைத் தேடிக் காலை நீட்டினாள். அங்கே இரண்டு ஜோடி கிடந்தன. ஒன்று அவளுடையது. இன்னொன்று நீலவார் ரப்பர் செருப்பு.

"ஐயாவு அண்ணே, இது யாரு செருப்பு?"

காவல்காரர் ஐயாவு எட்டிப் பார்த்தார். "தெரியலையேம்மா. நான் ரெண்டு மணிக்குத்தான் டூட்டிக்கு வந்தேன். யாராச்சும் ஷூவோடவே போயிருப்பாங்க."

போனில் நெடுமாறன் காத்திருந்தார். "அக்கா?"

"சார், ஒரு ஜோடி செருப்பு மிச்சமிருக்கு."

"செருப்புக்கெல்லாமா மெஷினை நிறுத்துறது? சாவி எல்லாம் வந்துருச்சு. மெஷின் கணக்கு தப்பாதுக்கா. வெளியூர்லேர்ந்து ஆராய்ச்சிக்கு வந்தவங்க ராவும் பகலுமா காத்துக்கிட்டிருக்காங்க."

"கணக்கு சரிதான் சார். செருப்பு நிக்குதே. நான் போட மாட்டேன்."

சொல்லிவிட்டாளே தவிர, அவளுக்கே வெட்கமாக இருந்தது. முதல் நாள். அத்தனை பெரிய மெஷினை ஒரு ரப்பர் செருப்பைக் காட்டி நிறுத்தினாள் ராசம்மாள் என்று நாளைக்கு ஊரே சிரிக்கும். அவள் குனிந்து அந்தச் செருப்பைக் கையில் எடுத்தாள். இடது வாரில் ஊக்கு குத்தியிருந்தது. அந்த ஊக்கைப் போன வாரம் தன் தாலிச் சரட்டிலிருந்து கழற்றிக் கொடுத்தவளே அவள்தான்.

ஆள் கணக்கு சரியாத்தான் இருக்கு என்று, தயிர்சாத வாயோடு தான் சொன்னது அவள் காதில் விழுந்தது.

மூன்று தடவை எழுதின பரீட்சை வீண் போகவில்லை. முதலில் பலகையிலிருந்து ஒரு சாவியை வெடுக்கென்று எடுத்தாள், விளக்கு சிவப்பாகியது, இனி யார் நினைத்தாலும் மெஷின் ஓடாது. அடுத்து சிவப்புப் பட்டனை அடித்தாள். அதற்கப்புறம் முதல் பரீட்சையில் எழுதியதையும் செய்தாள். வெறுங்காலோடு உள்ளே ஓடி, அந்த நடவுக் குரல் முழுவதையும் ஒரே மூச்சில் எடுத்து, "குந்தவே" என்று கூப்பிட்டாள்.

வளையம் அந்தப் பெயரைச் சுற்றிக்கொண்டு போய் அவளிடமே திருப்பிக் கொடுத்தது. குந்தவை வரவில்லை. ராசம்மாள் ஒரு துடைப்பக் கட்டையை எடுத்து, பள்ளங்களை மூடியிருந்த இரும்புத் தகடுகளை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே போனாள். இவள் அண்ணனுக்கு என்ன பதில் சொல்வேன் என்று வாய்விட்டே புலம்பினாள். பதினோராவது தகட்டை அடித்தபோது உள்ளேயிருந்து பதிலுக்கு ஒரு தட்டு கேட்டது.

தகடு நகர்ந்தது. தலை நிறைய தூசியும், காதில் பம்புச் சத்தத்துக்கு மாட்டும் பெரிய காதடைப்பானுமாகக் குந்தவை எட்டிப் பார்த்தாள்.

"என்ன அண்ணி, அதுக்குள்ள மணி ஆயிருச்சா? நாப்பது மீட்டரு தவழ்ந்து பாத்துட்டேன், ஒரு எலி கூட இல்ல."

"தகட்டை ஏன்டி மூடின?"

"யாராச்சும் கால் தவறி விழுந்துட்டா?"

ராசம்மாள் அவள் முதுகில் பளாரென்று ஒன்று வைத்தாள். அடுத்த நொடி அவளைக் கட்டிக்கொண்டாள். அதற்கடுத்த நொடி, எங்கேயிருந்து வந்ததோ, சிரிப்பு வந்துவிட்டது. எதற்கென்று தெரியாமலே குந்தவையும் சேர்ந்துகொண்டாள். இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். கீழ்வேளூர்க்காரரான பாதுகாப்பு அதிகாரி ரிஃப்கா மூச்சிரைக்க ஓடிவந்தபோது அவர்களால் எழுந்திருக்கவே முடியவில்லை.

வெளியே வந்ததும் ராசம்மாள் படிவத்தை எடுத்தாள். குந்தவைக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. அண்ணியின் கையைப் பிடித்தாள்.

"நான் சொல்லாமப் போயிட்டேன்னு எழுதுங்க அண்ணி. முதல் நாளே உங்க பேரு கெட்டுப்போகும்."

"என்னைக் கேட்டுட்டுத்தானே போன? இப்ப மறைச்சு இந்த அட்டையை வச்சிக்கிட்டேன்னா, அடுத்த தடவை இதே மாதிரி எவளைத் தேடி நான் உள்ள ஓடுறது?"

மெதுவாக, எழுத்துக்கூட்டி எழுதினாள். 'ஒரு மணிக்குக் கலைமகளுக்குப் பதில் குந்தவையை நான்தான் சாவி இல்லாமல் அனுப்பினேன். மறந்துவிட்டேன். செருப்பைப் பார்த்துத் தேடினேன். இருந்தாள்.' ரிஃப்கா அதை இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"அக்கா, அட்டையை நான் வாங்கித்தான் ஆகணும். ஒரு மாசம் கழிச்சுத் திரும்பப் பரீட்சை எழுதணும் நீங்க."

"எழுதறேன் மேடம். பழக்கம்தானே."

"நீங்க பச்சையைப் பாத்துட்டுப் போட்டிருந்தா நான் அப்படியே மெஷினை ஓட்ட விட்டிருப்பேன், ஒரு கேள்வியும் கேட்டிருக்க மாட்டேன். தெரியுமா?"

"தெரியும் மேடம்," என்றாள் ராசம்மாள்.

ரிஃப்கா தானே இன்னொரு சுற்று நடந்து வந்து கையெழுத்துப் போட்டார். ஒரு மணி நேரம் தாமதமாக மெஷின் ஓடத் தொடங்கியது.

ஐந்தரை மணிக்கு ரவுண்டு ஸ்டாப்பில் இரண்டு பேரும் பஸ்ஸுக்கு நின்றார்கள். அட்டை போனதில் வருத்தம் இல்லாமல் இல்லை, கழுத்து வெறுமையாகத்தான் இருந்தது. ஆனால் பக்கத்தில் குந்தவை எலியைப் பற்றி ஓயாமல் பேசிக்கொண்டிருந்தாள். அந்தப் பேச்சைக் கேட்கக் கேட்க ராசம்மாளுக்கு உள்ளுக்குள் ஏதோ பொங்கிப் பொங்கி வந்தது. அப்போது கலைமகள் ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுவிட்டதாம், முன்னால் நின்றுகொண்டு பிஸ்கட் தின்றது. கலைமகள் கையில் ஒரு டப்பா அசோகா அல்வா.

"அக்கா, கையெழுத்துப் போட்டாச்சா? நானே வாங்கிட்டு வந்துட்டேன், திருவையாத்துப் பக்குவ அசோகா."

"போடலடி."

கலைமகள் முகம் விழுந்துவிட்டது. டப்பாவை மூடப் போனாள். ராசம்மாள் அதைப் பிடுங்கி, சூடு ஆறாத அசோகாவில் ஒரு பெரிய வாய் எடுத்து, பேசிக்கொண்டிருந்த குந்தவையின் வாயில் திணித்தாள்.

"இவ இருக்கா. அதுக்குத் தின்னு," என்றாள் கலைமகளிடம்.