பாதிச் சவரம்

அந்த சலூனில் இரண்டே நாற்காலிகள். சன்னல் பக்கம் இருப்பது அண்ணனுடையது, உள்ளே தள்ளி இருப்பது தம்பியுடையது. அண்ணனுக்கு வாடிக்கையாளர்கள் வைத்த பெயர் ரேடியோ. கழுத்தில் துணியைக் கட்டினால் அவிழ்க்கும்வரை அவர் வாய் ஓயாது. தம்பி நேர்மாறு. கேட்டால் பதில், இல்லாவிட்டால் கத்தரிக்கோல் சத்தம் மட்டும். ஒரு கடைக்கு ஒரு ரேடியோ போதும் என்று கடவுளே நினைத்திருக்க வேண்டும்.

காலையில் ஷட்டரைப் பாதி தூக்கி வைத்துக்கொண்டு ஒருவருக்கொருவர் சவரம் செய்துகொள்வது அவர்கள் வழக்கம். முதலில் அண்ணன் உட்காருவார், பிறகு தம்பி. தன் முகத்தைத் தானே மழித்த நாள் இருவருக்குமே நினைவில்லை. சண்டை போட்ட மறுநாள்கூட இது நின்றதில்லை. கோபத்தில் இருப்பவன் கையில் கத்தியைக் கொடுத்துக் கழுத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

சிறுநீர் சரியாகப் போகவில்லை என்று ஆரம்பித்த தொல்லை, அண்ணனுக்குப் புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய், அது இடுப்பெலும்புவரை போய்விட்டது என்பதில் வந்து நின்றது. டாக்டரம்மா சின்ன வயது, பொறுமைசாலி.

"ஆண் ஹார்மோன்தான் இந்தக் கட்டிக்குத் தீனி," என்றார். "செல்லுக்குள்ள ஏற்பின்னு ஒண்ணு இருக்கு. உங்க கடை நாற்காலி மாதிரின்னு வெச்சுக்கோங்க. ஹார்மோன் வந்து அதுல உட்கார்ந்தா, வளருன்னு உத்தரவு போகும். ஊசி போட்டு அந்த ஹார்மோனை நிறுத்திடுவோம். அப்புறம் ரொம்ப நாள் அடங்கிக் கிடக்கும். ஆனா ரத்தப் பரிசோதனையை மட்டும் விட்டுடாதீங்க."

ஊசி வேலை செய்தது. வலி விட்டது, ரத்தத்தில் கட்டியின் வேகத்தைக் காட்டும் பி.எஸ்.ஏ. அளவும் மளமளவென்று இறங்கியது. பதிலுக்கு அண்ணனின் உடம்பு திடீர் திடீரென்று கொதித்தது. ஒரு தலைக்கு எண்ணெய் வைப்பதற்குள் சட்டை நனைந்துவிடும். "மாதவிலக்கு நின்னதுலேர்ந்து நான் பட்ட பாடு இப்பதான் உங்களுக்குத் தெரியுது," என்று அண்ணி சிரித்தாள். தம்பி மின்விசிறியைச் சன்னல் பக்கம் திருப்பி வைத்தான்.

அண்ணனின் தாடியும் அடங்கிப்போனது. முன்பெல்லாம் கரகரவென்று கத்தியோடு மல்லுக்கு நிற்கும் தாடி அது. இப்போது சோப்பு நுரையை வழிப்பதைத் தவிரக் கத்திக்கு வேலையில்லை. தம்பி கட்டைவிரலால் கன்னத்தைத் தடவிப் பார்த்து, "சுத்தம்ணே," என்பான். அதைக் கேட்டால்தான் அண்ணனுக்குப் பொழுது நல்லபடியாக விடியும்.

அங்கேதான் இருவர் புத்தியும் தடம் மாறியது. தாடியை வளர்ப்பதும் ஹார்மோன், கட்டியை வளர்ப்பதும் ஹார்மோன். கன்னம் சுத்தமாக இருந்தால் கட்டி பட்டினி கிடக்கிறது என்றுதானே அர்த்தம்? ஆயுசு முழுக்க அடுத்தவர் கன்னத்தைத் தடவிப் பிழைத்தவர்களுக்குத்தான் இப்படி ஒரு கணக்குத் தோன்றும்.

"உன் விரல் சொல்லாததையா அந்த ரத்தம் சொல்லப்போகுது?" என்று அண்ணன் பரிசோதனையைத் தள்ளிப்போட்டார். ஊசியை மட்டும் தவறாமல் போட்டுக்கொண்டார். அடுத்த பரிசோதனையும் தள்ளிப்போனது. தம்பி தலையாட்டினான்.

முதுகில் வலி கிளம்பிய பிறகுதான் ஓடினார்கள். பி.எஸ்.ஏ. எகிறியிருந்தது.

"ஹார்மோன் திரும்ப வந்துடுச்சா டாக்டர்?" என்றான் தம்பி.

"இல்லை. இப்பவும் அடிமட்டத்துலதான் இருக்கு."

"அப்ப எப்படி? கன்னம் சுத்தமா இருக்கே."

அண்ணன் கன்னத்தைத் தடவிக் காட்டிய அவன் கட்டைவிரலை டாக்டரம்மா பார்த்தார். "தாடிக்கு நிறைய ஹார்மோன் வேணும். கட்டிக்கு இனி அவ்வளவு வேண்டாம். அது நாற்காலிகளைப் பெருக்கிக்கிச்சு. உடம்புல மிச்சம் மீதி இருக்கறதே அதுக்குப் போதும்."

மாத்திரை கொடுத்தார். ஹார்மோன் உட்காருகிற இடத்தில் அது முந்திப் போய் உட்கார்ந்துகொள்ளுமாம். உட்கார்ந்தது. அளவு இறங்கியது. ரேடியோ மறுபடி பாடத் தொடங்கியது. அடுத்த குளிர்காலம்வரை ஓடிய பாட்டு அது. இந்த முறை ஒரு பரிசோதனையைக்கூட விடவில்லை. விடாமல் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கண்ணெதிரே, அளவு ஏறியது.

"இப்ப அந்த ஏற்பியே உருமாறிடுச்சு," என்றார் டாக்டரம்மா. "ஹார்மோன் உட்காருற பகுதியே அதுல இல்லை. யாரும் உட்காராமலே உத்தரவு போட்டுக்கிட்டு இருக்கு. மாத்திரை பாவம், எங்கே போய் உட்காரும்? கீமோ ஏத்திப் பார்க்கலாம். கொஞ்ச நாள் தாங்கலாம்."

"அப்பவே வந்திருந்தா?" என்றான் தம்பி.

"மாத்திரையை முன்னாடியே தொடங்கியிருக்கலாம். ஆனா இது உருமாறுறதை உங்களாலயோ என்னாலயோ தடுத்திருக்க முடியாது."

தும்பை விட்டு வாலைப் பிடித்தோம் என்று அண்ணி அழுதாள். தும்பு என்று ஒன்று கையில் இருந்ததா என்பதே தம்பிக்குச் சந்தேகமாக இருந்தது. தன்னைத் திட்டிக்கொள்ளலாம் என்றால் அதற்கும் டாக்டரம்மா முழு அனுமதி கொடுக்கவில்லை. அது அவனுக்கு இன்னும் கொடுமையாக இருந்தது.

அண்ணனால் அதிக நேரம் நிற்க முடியாமல் போயிற்று, கடைக்கு வருவதும் நின்றது. தம்பி இன்னொருவர் கத்திக்கு முகத்தைக் காட்டவில்லை. தாடி காடாக வளர்ந்தது. "சலூன்காரனுக்கே சவரம் பண்ண ஆளில்லையா?" என்று வருகிறவர்கள் கிண்டல் செய்தார்கள்.

ஒரு காலையில் அண்ணன் அண்ணியின் தோளைப் பிடித்துக்கொண்டு கடைக்கு வந்துவிட்டார். வழக்கப்படி முதலில் அவர் உட்கார்ந்தார். தம்பி நுரை தடவி வழித்தான். கத்தி சத்தமே போடவில்லை.

"என்னடா, எப்படி இருக்கு?"

தம்பிக்கு அந்த ஒரு வார்த்தையைத் தவிர வேறு தெரியாது. "சுத்தம்ணே," என்றான்.

அண்ணன் சிரித்தார். "சரி, இப்ப நீ உட்காரு. மனுஷன் பார்க்கிற மூஞ்சியா இது?"

ஸ்டூலில் உட்கார்ந்தபடியே அவர் கத்தியை எடுத்தார். வலது கன்னம் பழையபடி ஒரே இழுப்பில் இறங்கியது. தம்பி கண்ணை மூடிக்கொண்டான். இடது பக்கத்துக்குத் திரும்பும்போது வலியில் அவர் தோள் பூட்டிக்கொண்டது. கத்தியை மெல்ல மடக்கி அவன் மடியில் வைத்தார்.

"மிச்சத்தை நாளைக்குப் பார்த்துக்கலாம்டா."

அண்ணி அவரை அழைத்துக்கொண்டு போனாள். கண்ணாடி எதிரே இருந்தது, கத்தி கையில் இருந்தது. தம்பி அதைத் துடைத்து அண்ணனின் பெட்டியில் வைத்துவிட்டு, ஷட்டரை முழுக்கத் தூக்கினான்.

முதல் வாடிக்கையாளர் அவன் முகத்தைப் பார்த்துத் திகைத்தார். "என்னப்பா இது, பாதியில நிக்குது?"

"அண்ணன் நாளைக்கு வருவாரு," என்று சொல்லிவிட்டுத் தம்பி துணியை உதறினான்.