சாரின் சுத்தமான சிறுநீர்

பல் பிடுங்கப் போனால் ஈறு மரத்துப்போக ஒரு ஊசி போடுவார்களே, அந்த மருந்து உடம்பிலிருந்து எவ்வளவு வெளியேறுகிறது என்று அளப்பதுதான் முதுகலையில் எனக்குக் கிடைத்த ஆய்வு. எழுபதுகளின் தொடக்கம், காரைக்குடி. நகை வேலை செய்பவர் மகள் ஊரார் சிறுநீரைப் புட்டியில் வாங்கிக்கொண்டு டவுன் பஸ்ஸில் வருகிறாள் என்பதில் அப்பாவுக்கு மானம் போனது. "இந்த வருசத்தோட முடிச்சுப்புடணும். இல்லாட்டி திருப்பத்தூர் மாப்பிள்ளைக்குச் சரின்னு சொல்லிருவேன்" என்றார். அந்த மாப்பிள்ளையை நான் பார்த்திருந்தேன். அதனால் முடித்தே தீருவது என்று இருந்தேன்.

முறை எளிதுதான். சிறுநீரில் காரம் சேர்த்து பென்சீன் ஊற்றிக் குலுக்கினால் மருந்து பென்சீனுக்குப் போய்விடும். பிறகு மெத்தில் ஆரஞ்சு சாயத்தோடு குலுக்கினால், போன மருந்து சாயத்தையும் கூட்டிக்கொள்ளும். கடைசியில் அமிலம் பட்டதும் ரோஸ் நிறம். நிறம் அழுத்தமானால் மருந்தும் அதிகம். ஒப்பிட, ஊசியே போடாத ஒருவரின் சிறுநீரும் வேண்டும். அதில் நிறம் வரக்கூடாது.

"என்னோடதை எடுத்துக்க. நான் காப்பிகூடத் தொடுறதில்லை" என்றார் பேராசிரியர். ஒரு காலத்தில் மூக்குப்பொடிப் பழக்கம் இருந்ததாம். ஆச்சி, அதாவது அவர் மனைவி, குன்றக்குடிக்கு அழைத்துப்போய் முருகன் மேல் சத்தியம் வாங்கிவிட்டார்கள். அதை ஒவ்வொரு வகுப்பிலும் பெருமையாகச் சொல்வார். இப்போது அவருக்கு இருந்ததெல்லாம் தீராத ஜலதோஷம் மட்டுமே. கைக்குட்டையை ஆய்வகத் தொட்டியில் தானே சோப்புப் போட்டு அலசி ஜன்னலில் காயப்போடுவார். என்ன சுத்தமான மனிதர் என்று வியந்திருக்கிறேன்.

சாருடையது ரோஸாக நின்றது. இரண்டு கடைவாய்ப்பல் பிடுங்கிய ஆளைவிட அழுத்தம்.

"கண்ணாடிச் சாமான் கழுவத் தெரியலை உனக்கு!" என்று குதித்தார். எல்லாவற்றையும் கழுவினேன், பென்சீனை மறுபடி காய்ச்சி வடித்தேன். மறுபடியும் ரோஸ். "இன்னொருதரம் இப்படி வந்துச்சு, கையெழுத்துப் போட மாட்டேன்" என்றார். திருப்பத்தூர் மாப்பிள்ளை மீசையோடு கண்முன் வந்து நின்றார். வந்த கோபத்தில் வெட்கத்தை விட்டு என்னுடையதையே போட்டுப் பார்த்தேன். நிறமே இல்லை!

கண்ணாடி மேல் குற்றமில்லை. ஜன்னலில் காய்ந்த கைக்குட்டையைப் போய்ப் பார்த்தேன். ஓரத்தில் பழுப்பாக ஒரு கறை. யார் சொன்னாலும் உரசிப் பார்க்காமல் தங்கம் என்று நம்பாத வீட்டில் பிறந்தவள் நான். நேரே கடைக்குப் போய் ஒரு மட்டை மூக்குப்பொடி கேட்டேன்.

"யாருக்குத்தா?"

"ஆராய்ச்சிக்கு."

"இப்ப அதுக்குப் பேரு ஆராய்ச்சியா?" என்றார் கடைக்காரர்.

சிலிக்கா பூசிய கண்ணாடித் தட்டில் ஊசி மருந்து, பொடி ஊறிய தண்ணீர், சாருடையது, மூன்றையும் பக்கம் பக்கமாகச் சொட்டு வைத்து ஏறவிட்டேன். ஒவ்வொரு பொருளும் தனக்கென்று ஓர் உயரத்தில் போய் நின்றுவிடும். மேலே நிறம் காட்டும் கரைசலைத் தெளித்ததும் ஆரஞ்சுப் பொட்டுகள். பொடியும் சாரும் ஒரே உயரத்தில் அண்ணன் தம்பியாக நின்றார்கள். மருந்து தனியே நின்றது. எனக்குக் குதிக்கலாம் போலிருந்தது. பொடியின் நிகோடினையும் மருந்தையும் பிரித்துவிடலாம், ஆய்வு பிழைத்தது!

சார் வந்தார். தட்டை வெகுநேரம் பார்த்தார். "நடுவுல இருக்கிறது என்ன?"

"மூக்குப்பொடி சார்."

அவர் முகம் வெளுத்த நேரத்தில் ஆச்சி சாப்பாட்டுத் தூக்கோடு உள்ளே வந்தார்கள். "இதென்ன பொட்டு, ஒண்ணுபோல ரெண்டு?"

சார் என்னைப் பார்த்தார். வருஷம் முழுக்க என்னை விரட்டிய கண்கள் கெஞ்சின. எனக்குப் பாவமாகவும் இருந்தது, இனிப்பாகவும் இருந்தது.

"தண்ணி சரியில்லை ஆச்சி" என்றேன்.

பொடி போடுகிறவர்களின் மாதிரியை ஒப்பீட்டுக்கு எடுக்கக்கூடாது என்று அன்றே அவர் கைப்பட எழுதிச் சேர்த்து, கேட்காமலே கையெழுத்தும் போட்டார். திருப்பத்தூர்க்காரர் தப்பித்தார்.

காலித் தூக்கோடு ஆச்சி கிளம்பியபோது வாசல்வரை போனேன். என் காதருகே குனிந்தார்கள்.

"பொடிதானே? கட்டின வேட்டியை எடுத்துக் கொடியில போடாத மனுசன், கைக்குட்டையை மட்டும் தானே துவைக்கிறாக. இதைக் கண்டுபிடிக்க உங்களுக்கு இம்புட்டு மருந்து வேணுமாக்கும்! எனக்குத் தெரியும்னு மட்டும் அவுககிட்ட சொல்லிப்புடாத ஆத்தா. தெரிஞ்சா வீட்டுக்குள்ளயே போட ஆரம்பிச்சுருவாக."