கேட்டில் ஊதிய மருந்து

மலாயாவில் நியாலாஸ் ஊருக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் நான் பால்மரம் வெட்டியது, வெள்ளைக்காரன் கம்யூனிஸ்டுகளோடு மோதிய அவசரகாலத்தில். நாங்கள் குடியிருந்த லயத்தைச் சுற்றி முள்கம்பி வேலி. ஒரு பிடி அரிசியோ ஒரு மாத்திரையோ கேட்டைத் தாண்டக்கூடாது. காட்டில் ஒளிந்திருப்பவர்களுக்குப் போய்விடுமாம். அதனால் விடியுமுன்பே வயிறு முட்டத் தின்றுவிட்டுத்தான் எல்லாரும் கேட்டுக்கு வருவோம்.

எனக்கோ சின்ன வயதிலிருந்தே இளைப்பு. என் நிரை, நான் வெட்டும் மர வரிசை, மேட்டில் இருந்தது. பனியில் ஏறினால் நெஞ்சு விசிலடிக்கும். ஒருநாள் பாதி வேலையில் மரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"இன்னொரு தடவ உக்காந்த, உளிய வாங்கிட்டு புல்லு வெட்ட அனுப்பிருவேன்" என்றார் கங்காணி.

புல்லாம் புல்லு! மரத்தில் காயம் படாமல் பட்டையைச் சீவுவதில் என்னை மிஞ்ச அந்தத் தோட்டத்தில் யார் இருந்தார்கள்? மறுநாளே மருந்து கேட்டுப் போனேன்.

தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் யாழ்ப்பாணத்துக்காரர். ரப்பர் உருண்டை பொருத்திய கண்ணாடிக் குப்பி ஒன்றைக் கொடுத்தார். வாயில் வைத்து உருண்டையை அமுக்கினால் மருந்து புகையாக உள்ளே இறங்கும். "எங்க போனாலும் கையோட கொண்டு போங்கோ பிள்ளை" என்றார்.

கொண்டு போனேன். வாளிக்குள் துணி சுற்றி வைத்திருந்ததை, கேட்டில் பெண்களைச் சோதிக்கும் பெண் கையைவிட்டு எடுத்துவிட்டாள். எங்கள் லயத்துப் பெண்தான், என்னைவிடச் சின்னவள்.

"மருந்து வெளிய போகாது லா, அக்கா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "காட்டுல இருக்கிறவனுக்கா இளைப்பு? எனக்குடி இளைப்பு! இந்தா பாரு!" குப்பியைப் பிடுங்கி, எல்லார் முன்னாலும் வாயில் வைத்து அமுக்கினேன்.

அவள் சிரித்துவிட்டாள். "அப்படிப் போடு! சோத்த எல்லாரும் வயித்துல வச்சுத்தானே கொண்டு போறோம்? மருந்த நெஞ்சுல வச்சுக் கொண்டு போ. குப்பி இங்க ஆணியில தொங்கட்டும்."

அன்று மேட்டில் ஏறினேன். உட்காரவில்லை. கடைசி மரம்வரை வெட்டி முடித்தேன். கங்காணி வந்து பார்த்துவிட்டு, அடுத்த நிரைக்குப் போனார். அப்பாடா என்றிருந்தது.

பிறகு தினமும் அதே கதைதான். நான் ஊதி முடிக்கும்வரை பின்னால் நிற்பவர்கள், "அக்கா பசியாறுது, இருங்க" என்று கிண்டலடிப்பார்கள். எனக்கென்ன வெட்கம்? உளி என் கையில் இருந்தது.

கட்டுப்பாடு நீங்கி, கேட்டைப் பிடுங்கினார்கள். சோதனை வேலை போய் அவளும் மரம் வெட்ட வந்தாள், என் பக்கத்து நிரைக்கு. முதல்நாள் குப்பியை இடுப்பில் செருகிக்கொண்டு, இனி யார் கேட்பது என்று வேகமாக நடந்தேன். கேட்டு இருந்த இடத்தில் இரண்டு கையையும் விரித்து மறித்து நின்றாள்.

"ஊதினியாக்கா?"

"கேட்டே இல்ல, ஒனக்கென்னடி அதிகாரம்?"

அவள் அசையவில்லை. திட்டிக்கொண்டே ஊதினேன். அவளை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. இருவரும் மேட்டில் ஏறினோம். மேலே போய்ச் சேர்ந்த பிறகும் அவளைத் திட்ட எனக்கு மூச்சு மிச்சமிருந்தது.